ஐகானை என்ன செய்தேன்? கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்



பொங்கல் முடிந்ததிலிருந்து "சார், வெள்ளை ஐகான் வாசலில் இல்லையே, வித்துட்டீங்களா?" என்று கேட்காதவர்கள் இல்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், துபாயிலிருந்து போன் போட்டும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் வழக்கம்போல ஒரு நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுதும் படியுங்கள். பழைய வண்டியோ, பழைய மோட்டாரோ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும்.

அந்த வண்டியின் கதை தெரியாத இளைய பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக. அது ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல், 2003 பதிவு. நான் 2006இல் இரண்டாம் கையாக வாங்கினேன். ஐகான் நம்ம பக்கத்து வண்டி. 1999 நவம்பரில் மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும்கூட ஏற்றுமதியானது. விளம்பரத்தில் "ஜோஷ் மெஷின்" என்பார்கள். அதில் 1.6 இன்ஜினுக்கு 90 குதிரைத்திறனுக்கு மேல். வண்டியின் எடையோ ஏறக்குறைய ஒரு டன்தான். அதே காலத்து அம்பாசடர் டீசலுக்கு 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது. வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வாத்தியாருக்கு எதுக்கு ரேஸ் வண்டி?" என்று அப்போது ஊரே சிரித்தது. ஈசிஆர் அன்றைக்கு இரண்டே வழி. எதிரில் பஸ், முன்னால் உப்பு லாரி. முந்துவதற்குக் கிடைக்கும் இடைவெளியில் முந்தி முடிக்க வேண்டும். மூன்றாவது கியரில் இந்த வண்டி அதைச் செய்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் ராத்திரி நேரத்தில் பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சுவலி என்று எங்கள் தெருவில் யாருக்கு வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். கோரிமேடு ஜிப்மர் வரை போயிருக்கிறேன். அப்படிப் போன குடும்பங்களில் சிலர் இந்தப் பதிவையும் படிப்பார்கள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த வண்டியை ஏன் வெறும் இரும்பாகப் பார்க்க முடியவில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

ஆனால் இப்போது 108 இருக்கிறது. தெருவில் பத்து வீட்டில் கார் இருக்கிறது. ஈசிஆரை நாலு வழியாக்கும் வேலை நடக்கிறது. பழைய நியாயம் இன்றைக்குச் செல்லாது. இன்றைய நியாயம் வேறு.

உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. உங்கள் டீச்சரம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாக டயாலிசிஸ். வாரம் இரண்டு நாள் புதுச்சேரி. போக வர 70 கிலோமீட்டர். நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். தை மாதம் ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது கூனிமேடு தாண்டி சூடு காட்டும் முள் மேலே ஏறியது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டேன். பின் சீட்டில் அவங்க. டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார்கள். டீக்கடை நிழலில் ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பழைய மாணவன் அந்த வழியே வந்து வீட்டில் கொண்டுபோய் விட்டான். வண்டி மறுநாள் கயிறு கட்டி இழுத்து வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பஞ்சாயத்து.

பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, 22 வருஷ வண்டி. தலையைச் சுத்தித் தூக்கிப் போடுங்க. நான் புது வேகன்ஆர் ஒண்ணு லோன்ல புக் பண்றேன்" என்றான். அவன் சொன்னதில் ஒரு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. புது வண்டியில் ஏர்பேக் உண்டு, ஏபிஎஸ் உண்டு. என் ஐகானில் இரண்டும் கிடையாது. ஆனால் அவன் ஏற்கெனவே வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான். அவங்க அம்மா போனை வாங்கி, "உன் இ.எம்.ஐ.யில ஏறி நான் ஆஸ்பத்திரிக்குப் போகணுமாடா?" என்றார்கள். அவன் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, முடிவை நீங்களே எடுங்க. ஆனா இன்னொரு தடவை நடுரோட்டில என்னை உக்கார வைக்காதீங்க" என்றார்கள்.

இரண்டும் நியாயமான பேச்சு. இரண்டுக்கும் ஒரே விடை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

யோசித்தபோது உப்பளம்தான் கைகொடுத்தது. நம்ம ஊரில் தை பிறந்ததும் பாத்தி வேலை ஆரம்பம். உப்புநீர் இறைக்கிற ஆயில் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். புகை கக்கும், கிக் எடுக்காது. ரிங் மாற்றுவதா, லைனர் பிஸ்டன் எல்லாம் மாற்றுவதா, புதிதா வாங்குவதா என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். உப்பளக்காரர் யாரும் "இந்த இன்ஜின் எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்க மாட்டார். "சீசன் தாங்குமா?" என்றுதான் கேட்பார். ஐப்பசி மழை வரை ஓடினால் போதும். அதற்கு எவ்வளவு செலவு, அதற்குள் எவ்வளவு உப்பு. கணக்கு அவ்வளவுதான்.

என் வண்டிக்குச் சீசன் எது? ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 2003 பதிவு. 15 வருஷம் முடிந்து 2018இல் புதுப்பித்தேன், 2023இல் மறுபடி. அடுத்தது 2028 அக்டோபர். 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆக, 2028 அக்டோபர் என்பது இயற்கையாகவே ஒரு வரப்பு. என் கேள்வி இதுதான்: இரண்டரை வருஷம், வாரம் இரண்டு நடை, நம்பி ஓட்டலாமா?

"வண்டியே எண்பதாயிரம் பெறாது, அதுக்கு அம்பதாயிரம் செலவா?" என்று என் மைத்துனர் கேட்டார். நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். விற்கப்போகிறவனுக்கு அது சரியான கேள்வி. ஓட்டப்போகிறவன் கேட்க வேண்டியது வேறு: இந்தச் செலவைச் செய்யாவிட்டால் நான் எதில் போவேன், அதற்கு என்ன செலவு? வாடகைக் கார் காத்திருப்போடு சேர்த்து ஒரு நடைக்கு 1,700 ரூபாய். மாதம் எட்டு நடை என்றால் 13,600. சொந்த வண்டியில் பெட்ரோல் 700 ரூபாய்க்குள் அடங்கும். நடைக்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம். ஐம்பதாயிரம் செலவு செய்தால் ஐம்பது நடையில், அதாவது ஆறேழு மாதத்தில் ஈடாகிவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம். ஆனால் "ஓடினால்" என்ற ஒரு சொல் இதில் ஒளிந்திருக்கிறது. அதைச் சோதிக்காமல் ஒரு ரூபாயும் செலவு செய்வதில்லை என்று முடிவு செய்தேன்.

திண்டிவனத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் வந்தான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இன்றைக்கு அவன் கையில்தான் என் வண்டி. "சார், முதல்ல இன்ஜினைத் தொடக்கூடாது. அடியில படுத்துப் பாக்கணும்" என்றான். எவ்வளவு சரியான பேச்சு! மரக்காணத்தில் இரும்புக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசவென்று ஆகிறதல்லவா? கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. அதே உப்பு வண்டியின் அடித்தகட்டில் படிந்தால், வெயில் காலத்திலும் இரும்பு லேசான ஈரத்திலேயே இருக்கும். துரு நிற்காமல் தின்னும். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் கழற்றிச் சரிசெய்யலாம். உடம்பு அரித்துவிட்டால் வண்டி முடிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தட்டிப் பார்த்தான். முன் சஸ்பென்ஷன் ஏறி உட்காரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், நீள வாட்டச் சட்டம் எல்லாம் கெட்டி. டிரைவர் காலடியில் மட்டும் உள்ளங்கை அகல ஓட்டை. வெல்டிங் வைக்கக்கூடியது. முதல் சோதனையில் வண்டி பாஸ்.

இரண்டாவது, இன்ஜினைத் திறக்காமல் நாடி பார்ப்பது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடுத்தான். முதல் இரண்டில் 175, 170 பிஎஸ்ஐ. மூன்றிலும் நான்கிலும் 95, 90. இங்கே என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்தால் என்ன அர்த்தம்? நடுவில் இருக்கும் சுவர் விட்டுப்போயிருக்கலாம். அதை உறுதிசெய்ய ஒரு சின்ன வித்தை உண்டு. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பார்கள். எண் ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன, ஆயில் அந்த இடைவெளியை அடைக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ. எங்கள் எண் ஏறவில்லை. கூலண்ட் டப்பாவில் குமிழி வேறு வந்தது. ஆக, அடிப்பாகம் நன்றாக இருக்கிறது, போனது ஹெட் கேஸ்கெட். பெரிய செலவு கீழே இருந்திருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன்.

ஏன் கேஸ்கெட் போனது? கூலண்ட் போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் பாகம் மயிரிழை விட்டிருந்தது. 22 வருஷம் சூடும் குளிரும் மாறி மாறித் தின்றால் எந்த பிளாஸ்டிக்கும் மொறுமொறுப்பாகிவிடும். யாரையும் குறை சொல்ல இடமில்லை. கூலண்ட் கசிந்தது, சூடு ஏறியது.

இந்த இன்ஜினில் கீழ் பிளாக் வார்ப்பிரும்பு, மேல் ஹெட் அலுமினியம். ஒன்பதாம் வகுப்பில் வெப்ப விரிவு சொல்லிக்கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். கீழே உள்ள இரும்பு கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நீளும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தினமும் அந்த உரசலைத் தாங்குவதுதான் கேஸ்கெட்டின் பிழைப்பு. சாதாரணச் சூட்டுக்கு அது தாங்கும். அளவு மீறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் விட்டுவிடும். அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: சூடு முள் ஏறினால் "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டாதீர்கள். அந்த அஞ்சு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது.

மூன்றாவது சோதனை ஹெட்டைக் கழற்றிய பிறகு. நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார்கள். வளைவு இருந்தது, ஆனால் லேத்தில் ஃபேஸிங் போட்டுச் சரிசெய்யும் அளவுக்குள். விரிசல் இல்லை. சிலிண்டர் சுவரில் கோடு இல்லை.

இதற்கு நடுவில் வேறு வழிகளும் வந்தன. சென்னையிலிருந்து ஒரு பையன், "அங்கிள், 1.6 ஐகான் இப்ப கிடைக்கிறதே இல்ல, இருக்கிற நிலையிலேயே தொண்ணூறாயிரம் தர்றேன்" என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தில் எனக்கு நம்பிக்கையான வேறு வண்டி கிடைக்காது. மூன்று லட்சம் கொடுத்தால் ஒரு பழைய சின்ன வண்டி கிடைக்கும், அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது. என் வண்டியின் வயிற்றை நான் திறந்தே பார்த்துவிட்டேன். புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் ஒன்று 35,000 ரூபாய்க்கு இருப்பதாக இன்னொருவர் சொன்னார். அதன் கம்ப்ரெஷன் யாருக்குத் தெரியும்? தவிர, இன்ஜினை மாற்றினால் ஆர்டிஓவில் இன்ஜின் எண்ணையும் ஆர்சியில் மாற்றியாக வேண்டும். காயலான் கடைக்காரர் 28,000 சொன்னார். அதைக் கேட்டதும் டீச்சரம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் மறைமலை நகரில் கடைசி வண்டி வெளியே வந்தது. உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் எனக்கும் இருந்தது. தேவையானவை கிடைத்துவிட்டன. ஒன்றிரண்டுக்குத்தான் பத்து நாள் காத்திருந்தோம்.

வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் மூன்று வரி எழுதி, நானும் மாணவனும் கையெழுத்துப் போட்டோம்.

1. மொத்தச் செலவு 50,000 தாண்டக்கூடாது. தாண்டும் என்று தெரிந்த இடத்தில் வேலை நிற்கும், வண்டி விற்பனைக்கு.

2. வேலை முடிந்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வரை டீச்சரம்மா இதில் ஏறமாட்டார்கள். அதுவரை வாடகைக் கார்.

3. அந்த ஆயிரத்துக்குள் கூலண்ட் அளவு குறைந்தாலோ, முள் நடுவைத் தாண்டினாலோ இரண்டாவது முறை ஹெட்டைக் கழற்றுவது கிடையாது. விற்றுவிடுவது.

மூன்றாவது வரிதான் முக்கியம். "இவ்வளவு செலவு பண்ணிட்டோம், இன்னும் கொஞ்சம் போடுவோம்" என்று போனவர்களை உப்பளத்திலும் பார்த்திருக்கிறேன், வட்டிக்கடையிலும் பார்த்திருக்கிறேன். போன பணம் போனதுதான். எங்கே நிற்பது என்பதைச் செலவு ஆரம்பிக்கும் முன் எழுதிவைக்க வேண்டும். பாதி வழியில் மனசு வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

செலவு விவரம், கேட்டவர்களுக்காக: லேத் கூலி 6,500. கேஸ்கெட் செட், ஹெட் போல்ட், வால்வு சீல் 9,800. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும் 14,200. பெட்ரோல் ஹோஸ் 1,700. ஆயில், கூலண்ட் 4,300. வெல்டிங் 3,000. ஒர்க்‌ஷாப் கூலி 9,000. ஆக மொத்தம் 48,500. மாணவன் கூலியே வேண்டாம் என்றான். "கூலி வாங்காத வேலைக்கு நான் குறை சொல்ல முடியாதுடா" என்று சொல்லிக் கையில் திணித்தேன்.

இதில் இரண்டு குறிப்பு. பெட்ரோல் ஹோஸை ஏன் மாற்றினோம் என்றால், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. இரண்டாவது, கூலண்டில் கலப்பது டிஸ்டில்டு வாட்டர்தான். நம்ம ஊர் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அலுமினியத்துக்கு அது விஷம்.

இன்றைய நிலவரம்: மாசி பாதி. வண்டி 710 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் டப்பாவில் மார்க்கர் கோடு பார்த்து நோட்டில் எழுதுகிறேன். கோடு நகரவில்லை. உச்சி வெயிலில் ஏசி போட்டு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். ஃபேன் சுற்றியது, முள் நடுவிலேயே நின்றது. ஆனாலும் மாசி வெயில் வேறு, கத்திரி வெயில் வேறு. சித்திரையில் இதே சோதனையை இன்னொரு முறை செய்வேன்.

மகனுக்கு இரண்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏர்பேக் இல்லாத வண்டியில் எழுபதுக்கு மேல் போகமாட்டேன். 2028 அக்டோபரில் ஆர்சி முடியும்போது, வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் புதுப்பிக்க மாட்டேன். 90 குதிரையை வைத்துக்கொண்டு எழுபதில் போவதற்கு எதற்கு இந்த இன்ஜின் என்று அவன் கேட்டான். நல்ல கேள்விதான். "உங்க அம்மாவுக்குப் பழகின சீட்டுடா" என்றேன். பின் சீட்டில் இடது பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவார்கள். வாடகைக் காரில் அவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை. டிரைவர் போன் பேசிக்கொண்டே ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

இன்னும் 290 கிலோமீட்டர். நாளைக்கு அனுமந்தை வரை ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம். கணக்குப்படி அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழன் ஆயிரம் முடிகிறது. அன்றைக்கு டீச்சரம்மா ஏறினார்களா, இல்லை வண்டி விற்பனைக்கு வந்ததா என்பதை இதே பக்கத்தில் எழுதுகிறேன். சென்னைப் பையனின் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.

புதுச்சேரியில் இருப்பவர்கள் செவ்வாய், வியாழன் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு ஓய்வு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவங்க உள்ளே இருக்கும் நாலு மணி நேரமும் நான் வெளியே மர நிழலில்தான் இருப்பேன். வந்து பேசிவிட்டுப் போகலாம். பழம், ஜூஸ் எதுவும் வாங்கிவராதீர்கள், அவங்க சாப்பிடக்கூடாது. எனக்கு ஒரு டீ போதும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
மரக்காணம்